எதிர்வரிசையின் இரு கைகள்: சேலம், நாமக்கல் சமவெளி கற்பிக்கும் நாடாளுமன்றப் பாடம்

நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையில் அமரும் உறுப்பினர்மீது நம் நாட்டில் இருவகைக் குற்றச்சாட்டுகள் வழக்கமாகச் சுமத்தப்படுகின்றன. அவர் உரத்துப் பேசி அவை நடவடிக்கையை நிறுத்தினால், நாட்டின் பணியைக் கெடுப்பவர் என்பர். அமைச்சரோடு அமர்ந்து பேசி ஒரு திருத்தத்தையோ உறுதிமொழியையோ பெற்று வந்தால், விலைபோனவர் என்பர். முதற்குற்றச்சாட்டு ஆளுங்கட்சியிடமிருந்து எழும்; இரண்டாவது பெரும்பாலும் சொந்த முகாமிலிருந்தே எழும். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று, தம்மை அனுப்பிய மக்களுக்கு ஏதேனும் ஒன்றை ஈட்டித் தருவதே அவருடைய பணி.

எண்ணிக்கையில் சிறிய கட்சிக்கும், எண்ணிக்கையில் சிறிய சமூகத்துக்கும் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. பெரும்பான்மை உடையவர் வாக்கெடுப்பில் வென்றுவிடுவார்; அஃது இல்லாதவருக்கு வாதமும் நேரமும் ஆவணமும்தாம் ஆயுதங்கள். அவற்றை எங்கே வாளாக ஏந்துவது, எங்கே பாலமாக இடுவது என்பதை நாம் கற்பனையில் தேட வேண்டியதில்லை. காவிரிக்கும் கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சேலம், நாமக்கல் சமவெளியின் அரசியல் வரலாறே அதற்குப் போதிய சான்றுகளைத் தருகிறது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான் என்பதால், அதற்கு முந்திய செய்திகளில் இரண்டையும் ஒரே நிலமாகக் கொள்கிறோம்.

அவை தரும் கருவிகள்

முதலில், எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைக் காண்போம்.

மோதலுக்குரிய கருவிகள் பலரும் அறிந்தவை. நம்பிக்கையில்லாத் தீர்மானம், ஒத்திவைப்புத் தீர்மானம், வெட்டுத் தீர்மானம், வெளிநடப்பு ஆகியவை அவ்வகை. ஆனால் அவற்றுள் பெரியவை எண்ணிக்கையை வேண்டுவன. மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்துக்கு ஏற்கப்படவே 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி நேரு அரசின்மீது கொண்டுவந்தார். ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் பதிவாயின. அரசு அசையவில்லை; ஆயினும் தன் கொள்கை ஒவ்வொன்றுக்கும் அவையில் நின்று கணக்குச் சொல்லும் கட்டாயம் அதற்கு நேர்ந்தது. தோற்பது உறுதி என்று தெரிந்தே கொண்டுவரப்படும் தீர்மானத்தின் பயன் அதுவே.

ஒத்துழைப்புக்குரிய கருவிகள் அமைதியானவை. ஆகவே செய்தித்தாள்களில் இடம்பெறுவது அரிது. கேள்வி நேரத்தில் எழுப்பும் துணைக்கேள்வி, மசோதாவுக்கு அளிக்கும் திருத்தம், வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுத்துக்கொள்ளப்படும் தனி உறுப்பினர் மசோதாவும் தீர்மானமும், நிலைக்குழு, தேர்வுக்குழு, கூட்டுக்குழு ஆகியவற்றின் அமர்வுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. குழு அறையில் கட்சிக்கொடி தாழ்ந்து, பொருள் மேலோங்கும். ஷூரா எனும் கலந்தாலோசனை மரபை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக்கணக்குக் குழுவின் தலைமை 1967 முதல் எதிர்க்கட்சியிடமே இருந்து வருகிறது. அமைச்சர்கள் அவையில் அளிக்கும் வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று தொடர்ந்து பார்ப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிகள் குழு இயங்குகிறது. அவையில் பெறப்படும் ஒரு சொல்லுக்குத் தனியறையில் பெறப்படும் நூறு சொற்களைவிட மதிப்பு அதிகம் என்பதற்கு இக்குழுவே காரணம்.

இவ்விரு வகைகளுக்கும் நடுவே நிற்கும் கருவி ஒன்றுண்டு. அதுதான் மறுப்புக் குறிப்பு. குழுவில் இறுதிவரை அமர்ந்து, சான்றுகளைக் கேட்டு, விவாதித்து, முடிவில் உடன்படாத உறுப்பினர் தம் காரணங்களை எழுதி அறிக்கையோடு இணைக்கிறார். உட்கார்ந்து பணியாற்றியமையால் அஃது ஒத்துழைப்பு. உடன்பட மறுத்தமையால் மோதல். இந்தக் கருவியின் வலிமையைப் பின்னர்க் காண்போம்.

சேலத்தின் முன்னோடி

வாக்குரிமையே இல்லாத அவையில் எதிர்ப்பாளராக இருப்பது எப்படி என்பதைக் காட்டியவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார். 1882ஆம் ஆண்டுச் சேலம் கலவரம் தொடர்பாகத் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலை பெற்றவர் அவர். பிறகு 1895 முதல் 1901 வரை சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையிலும், 1913 முதல் 1916 வரை இந்தியாவின் தலைமைச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார்.

1892ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அவையில் உறுப்பினர் கேள்வி கேட்கலாம். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசலாம். அதன்மீது வாக்களிக்க இயலாது. துணைக்கேள்வியும் கேட்க இயலாது. அத்தகைய அவையில் நுழைவதே ஆட்சியாளருடன் ஒத்துழைப்பதாகாதா என்ற வினா அன்றும் எழுந்தது. ஆயினும் கேட்கப்பட்ட கேள்வி அரசின் பதிவேட்டில் ஏறிவிடும். பதில் தர மறுத்தால் அம்மறுப்பும் ஏறிவிடும். அப்படியே இருபது ஆண்டுக்கு மேலாகச் சட்டத்தின் எல்லைக்குள் வாதாடிய அதே மனிதர், 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். ஒத்துழையாமை இயக்கம் அறுதியாக ஏற்கப்பட்ட மாநாடு அது. அவையில் அமர்வதும் அவையை விட்டு வெளியே நிற்பதும் ஒரே வாழ்வின் இரு கட்டங்களாக அமைய இயலும் என்பதற்கு அவர் வாழ்வு ஒரு சான்று.

ஒரு மறுப்புக் குறிப்பு

இனி இக்கட்டுரையின் மையச் செய்திக்கு வருவோம். அஃது ஆட்சிமொழிச் சிக்கல்.

அரசமைப்புச் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் ஆட்சிமொழியாக அறிவித்து, ஆங்கிலத்தின் பயன்பாட்டுக்குப் பதினைந்து ஆண்டுக் கெடு விதித்தது. 1965 சனவரி 26 அன்று அக்கெடு முடியும். இம்மாற்றத்துக்கு வழிகாட்ட 1955இல் பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைக்கப்பட்டது. 1956இல் அது தந்த அறிக்கை பெரும்பாலும் இந்தியை நோக்கிய நகர்வையே பரிந்துரைத்தது.

அவ்வறிக்கையோடு உடன்படாதவர் இருவர். ஒருவர் வங்கத்தின் மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி. மற்றவர் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துச் ஜமீன்தார் டாக்டர் பி. சுப்பராயன். எக்கட்சியையும் சாராதவராக 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவர். பேரவையில் தமக்கெனப் பெரும்பான்மை இல்லாத நிலையில் ஆட்சி நடத்தியதால், மாற்றுக் கருத்தினரின் ஒத்துழைப்பு எத்துணை அரியது என்பதைத் தம் பட்டறிவால் அறிந்திருந்தார். 1956இலோ அவர் ஆளும் காங்கிரசின் உறுப்பினர். எனினும், இந்தி பேசாத மக்கள்மீது இம்மாற்றம் அவசரமாகச் சுமத்தப்படுகிறது என்ற தம் மறுப்பை எழுத்தில் பதித்தார்.

எதிர்ப்பு என்பது எதிர்வரிசைக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். ஆளுங்கட்சியின் உள்ளிருந்து எழுந்த அம்மறுப்பு, தென்னாட்டின் மனக்குறை எதிர்க்கட்சிகளின் கிளர்ச்சித் தந்திரம் மட்டுமன்று என்பதற்குச் சான்றாக நின்றது. பின்னர் எதிர்வரிசையிலிருந்து பேசியவர்களுக்கு அது கிடைத்தற்கரிய துணை.

ஒரு கடிதம்

1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து சுப்பராயன் காங்கிரஸ் உறுப்பினராக மக்களவைக்குச் சென்றார். அடுத்திருந்த நாமக்கல் தொகுதியோ முற்றிலும் வேறான ஒருவரை அனுப்பியது. அவர் ஈ. வெ. கி. சம்பத். பெரியாரின் அண்ணன் மகன். அப்போது முப்பத்தொரு வயதினர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் முன்னணித் தலைவர். தி.மு.க. முதன்முதலாகப் போட்டியிட்ட அத்தேர்தலில் அதற்குக் கிடைத்த மக்களவை இடங்கள் இரண்டே. நாமக்கலில் சம்பத்தும் திருவண்ணாமலையில் இரா. தருமலிங்கமும் வென்றனர்.

அந்த அவையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட 494 உறுப்பினர்களுள் 371 பேர் காங்கிரசார். பெரிய எதிர்க்கட்சியான கம்யூனிஸ்ட் கட்சிக்கே 27 இடங்கள்தாம். முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் என்று எவரும் இலர். அதில் இருவர் மட்டும் திராவிட நாட்டுப் பிரிவினையைக் கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சியின் சார்பில் அமர்ந்திருந்தனர். ஒத்திவைப்புத் தீர்மானத்துக்கு வேண்டிய ஐம்பதின்மரைத் திரட்டுவது அவர்களுக்குக் கனவிலும் இயலாதது. எந்த அரசை ஏற்க மறுத்தார்களோ, அதே அரசின் தலைவரிடமிருந்துதான் எதையேனும் பெற்றாக வேண்டிய நிலை.

1959இல், ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் நியமன உறுப்பினர் பிராங்க் அந்தோணி, ஆங்கிலத்தை எட்டாம் அட்டவணையில் சேர்க்கக் கோரும் தனி உறுப்பினர் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்மீது ஆகஸ்ட் 7 அன்று நேரு பேசினார். தீர்மானத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால் மக்கள் வேண்டும் காலமெல்லாம் ஆங்கிலம் துணைமொழியாக நீடிக்கும் என்றும், எவ்வளவு காலம் என்பதை முடிவு செய்யும் உரிமை இந்தி பேசாத மக்களுக்கே உரியது என்றும் உறுதி கூறினார். கேட்டது கிடைக்கவில்லை, கேளாததைவிடப் பெரியது கிடைத்தது. தமக்கெனப் பெரும் கட்சி ஏதும் இல்லாத ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் நியமன உறுப்பினர் வழியே இது நிகழ்ந்தது என்பதையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

ஆனால் வாய்ச்சொல்லின் ஆயுள் குறைவு. 1960 ஏப்ரல் 27 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்தியின் பயன்பாட்டை விரிவாக்கும் நடவடிக்கைகளைப் பட்டியலிட்டது. உறுதிமொழி என்னவாயிற்று என்ற ஐயம் தமிழகத்தில் எழுந்தது. தி.மு.க. இந்தி எதிர்ப்பு மாநாடு கூட்டியது. ஆகஸ்டில் சென்னைக்கு வரவிருந்த குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாதுக்குக் கருப்புக்கொடி காட்டுவதென்று முடிவு செய்தது. நாட்டின் முதற்குடிமகனுக்குக் கருப்புக்கொடி என்பது அன்றைய நிலையில் மிகக் கடுமையான மோதல்.

அந்நிலையில் நேரு சம்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 1959இல் தாம் அளித்த உறுதிமொழி மாறவில்லை என்பதை அதில் தெளிவுபடுத்தினார். கருப்புக்கொடிப் போராட்டம் கைவிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கருப்புக்கொடி என்ற அச்சுறுத்தல் இல்லாதிருந்தால் அக்கடிதத்துக்கு அவசரம் இருந்திராது. இரண்டாவது, கடிதம் பெறத்தக்க ஒருவர் அவைக்குள் இல்லாதிருந்தால் அவ்வச்சுறுத்தல் தெருவிலேயே முடிந்திருக்கும். பிரிவினை பேசும் கட்சியின் உறுப்பினராயினும், மூன்றாண்டுகள் அவையில் அமர்ந்து பேசிய ஒருவரோடு பிரதமர் கடிதத் தொடர்பு கொள்ள இயன்றது. மூன்றாவது, விடை கிடைத்ததும் போராட்டத்தை நிறுத்தியமை. கேட்டது கிடைத்தபின்னும் மோதலைத் தொடர்பவரிடம் அடுத்தமுறை எவரும் பேச வரமாட்டார். மோதல் ஒத்துழைப்புக்கு விலையை ஏற்றுகிறது. ஒத்துழைப்பு மோதலுக்குப் பயனைச் சேர்க்கிறது.

‘லாம்’ என்ற விகுதி

கடிதமும் சட்டமன்று. 1963இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது, 1965க்குப் பிறகும் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்ற பொருள்படும் சொல்லே அதில் இடம்பெற்றது. 1962 முதல் மாநிலங்களவையில் இருந்த அண்ணாதுரை, அச்சொல்லையே பிடித்துக்கொண்டார். ‘தொடரலாம்’ என்பதில் தொடராமலும் போகலாம் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. ‘தொடர வேண்டும்’ என்று எழுதுங்கள் என்பது அவர் வாதம். அச்சொல்லுக்குக் கட்டாயப் பொருளே உண்டு என்று நேரு விளக்கம் தந்தார். சட்டத்தின் வாசகம் மாறவில்லை.

நேரு 1964இல் மறைந்தார். 1965இல் தமிழகம் பற்றியெரிந்தது. உயிர்கள் பல மாண்டன. 1967 இறுதியில் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. கட்டாயச் சொல் இடம்பெற்றது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசைந்தாலன்றி ஆங்கிலத்தை அகற்ற இயலாது என்ற ஏற்பாடும் அதில் இடம்பெற்றது. இன்றளவும் நடைமுறையில் இருப்பது அதுவே.

1956இல் மறுப்புக் குறிப்பு, 1959இல் வாய்மொழி உறுதி, 1960இல் கடிதம், 1963இல் ‘லாம்’, 1967இல் ‘வேண்டும்’. பதினோராண்டுப் பயணம் இது. ஒரு கட்டத்தில் குழு அறை, மறுகட்டத்தில் அவை, பிறிதொரு கட்டத்தில் தெரு. எந்த ஒரு கட்டமும் தனித்து நின்று வெல்லவில்லை. சொல் ஒன்றைச் சட்டத்தில் சேர்க்கவே இத்துணை உழைப்பும் இழப்பும் வேண்டியிருந்தன என்றால், சட்ட வாசகத்தைக் கூர்ந்து படிக்கும் எதிர்க்கட்சி உறுப்பினரின் அருமை விளங்கும்.

இரும்பாலை வந்த கதை

கொள்கைச் சிக்கலில் மட்டுமன்றித் தொகுதியின் நலனிலும் இச்சமன்பாடு செயற்படுவதற்குச் சேலம் உருக்காலை எடுத்துக்காட்டு. கஞ்சமலையின் இரும்புத்தாதுவைக் கொண்டு சேலத்தில் உருக்காலை அமைக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, அவ்வாண்டு சூலை 23ஆம் நாளை இக்கோரிக்கைக்காகவும் சேதுக் கால்வாய்க்காகவும் எழுச்சி நாளாகக் கடைப்பிடித்தது. மாநில அரசே மத்திய அரசுக்கு எதிராக மக்களைத் திரட்டியது அன்று புதுமை. அத்தேர்தலில் மக்களவைக்குச் சென்ற தி.மு.க. உறுப்பினர் 25 பேர். சேலத்திலிருந்து சென்றவர் க. இராசாராம்.

1969இல் காங்கிரஸ் பிளவுண்டு, இந்திரா காந்தியின் அரசு பெரும்பான்மையை இழந்தது. அமைச்சரவையில் பங்கு கேளாமல், வெளியிலிருந்து அவ்வரசைத் தாங்கியவர்களுள் தி.மு.க.வினரும் அடங்குவர். 1970 ஏப்ரலில் சேலம், விசாகப்பட்டினம், ஹோஸ்பேட் ஆகிய மூன்று இடங்களில் உருக்காலைகள் அமையும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சேலத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்று மாநிலங்களின் கோரிக்கைக்கும் ஒரே நாளில் செவி சாய்த்தமை, எண்ணிக்கை குறைந்த அரசின் நிலையையும் ஓரளவு உணர்த்துகிறது. எழுச்சி நாள் கோரிக்கையைப் பொதுமக்கள் மனத்தில் நிறுத்தியது. தக்க வேளையில் அளித்த ஆதரவு அதை அரசின் செவியில் சேர்த்தது. 1971இல் உருக்குத்துறை அமைச்சரானவர், ஒருகாலத்தில் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இருந்தவரும் சுப்பராயனின் மகனுமான மோகன் குமாரமங்கலம். ஆயினும் ஆலையில் உற்பத்தி தொடங்கியது 1981இல்தான். உறுதிமொழிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையிலான அப்பதினோராண்டு, அறிவிப்போடு எதிர்க்கட்சியின் பணி முடிவதில்லை என்பதற்கு அடையாளம்.

நம் சமூகத்தின் பட்டறிவு

இப்பாடம் தமிழ் முஸ்லிம்களுக்குப் புதியதன்று. சேலத்து நகர்மன்றத் தலைவராகப் பொதுவாழ்வில் முன்னேறிய இராஜாஜி, 1938இல் மாகாணப் பிரதமராகப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அப்போது திருச்சி பி. கலிஃபுல்லா சட்டமன்றத்தில் எழுந்து, தாம் ராவுத்தர் சமூகத்தைச் சேர்ந்தவர். தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்று பெருமிதத்துடன் அறிவித்தார். அதே இராஜாஜி 1952இல் பெரும்பான்மையற்ற காங்கிரசின் முதலமைச்சரானபோது, முஸ்லிம் லீக் அவருக்கு ஆதரவளித்தது. 1946 முதல் 1952 வரை அம்மன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராய் இருந்தவர் லீக்கின் தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் என்பதை நினைவிற்கொள்க. 1967இல் இராஜாஜியின் சுதந்திராக் கட்சி, தி.மு.க., முஸ்லிம் லீக் மூன்றும் ஒரே அணியில் நின்றன. ஆளை எதிர்ப்பது வேறு, கொள்கையை எதிர்ப்பது வேறு என்ற தெளிவு இருந்தமையால்தான் இது கூடிற்று.

காயிதே மில்லத் அவர்களின் அரசியல் நிர்ணய சபைப் பணி இங்கே சிறப்பாகக் குறிக்கத்தக்கது. 1948 நவம்பர் 23 அன்று, பொதுச் சிவில் சட்டம் பற்றிய வரைவுப் பிரிவுக்கு அவர் ஒரு திருத்தம் முன்மொழிந்தார். தனக்கெனத் தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகமும் அதைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்பது அதன் சாரம். திருத்தம் தோற்றது. ஆனால் அதற்கு மறுமொழி கூறிய டாக்டர் அம்பேத்கர், அத்தகைய சட்டம் இயற்றப்படுமாயின் தொடக்கத்தில் விரும்பி ஏற்போருக்கு மட்டும் பொருந்துமாறு நாடாளுமன்றம் அமைக்கலாம் என்று விளக்கினார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், 44ஆம் பிரிவைப் பற்றிய விவாதங்களில் அவ்விளக்கம் எடுத்தாளப்படுகிறது. தோற்ற திருத்தம் ஈன்ற செல்வம் அது. புறக்கணித்து வெளியேறியிருந்தால் அந்தப் பதிவு நமக்கு வாய்த்திராது.

தனி உறுப்பினர் மசோதாக்கள் சட்டமாவது அரிதினும் அரிது. இதுவரை பதினான்கே தேறியுள்ளன. அவற்றுள் முதலாவது, சையது முஹம்மது அஹ்மது காஸ்மி 1952இல் கொண்டுவந்து 1954இல் சட்டமான முஸ்லிம் வக்ஃபு மசோதா. மறுபுறம், பொன்னானி உறுப்பினர் ஜி. எம். பனாத்வாலா 1985இல் ஜீவனாம்சம் தொடர்பாகக் கொண்டுவந்த தனி மசோதா சட்டமாகவில்லை. ஷா பானு தீர்ப்புக்குப் பின் எழுந்த விவாதத்தின் மையமாக அது நின்று, 1986இல் அரசே ஒரு சட்டத்தை இயற்றும் நிலைக்கு இட்டுச்சென்ற காரணிகளுள் ஒன்றாயிற்று. அச்சட்டத்தின் நிறைகுறை வேறு விவாதம். கருவி எவ்வாறு இயங்கிற்று என்பதே இங்கு நம் நோக்கம்.

அண்மைய சான்று வக்ஃபுத் திருத்த மசோதா. 2024 ஆகஸ்டில் அது கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. தமிழகத்திலிருந்து ஆ. இராசாவும் எம். எம். அப்துல்லாவும் அதில் இடம்பெற்றனர். குழுக் கூட்டங்களில் கடும் வாக்குவாதங்கள் நிகழ்ந்தன. 2025 சனவரியில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பதின்மர் ஒருநாள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். எனினும் அவர்கள் குழுவைத் துறந்துவிடவில்லை. அறிக்கை 15க்கு 11 என்ற வாக்கில் ஏற்கப்பட்டபோது மறுப்புக் குறிப்புகளை அளித்தனர். அவற்றின் சில பகுதிகள் நீக்கப்பட்டதாக அவையில் எதிர்ப்பு எழுந்தபின் அவை மீண்டும் இணைக்கப்பட்டன. மசோதா மக்களவையில் 288க்கு 232 என்றும் மாநிலங்களவையில் 128க்கு 95 என்றும் நிறைவேறியது. வாக்கெடுப்பில் தோல்விதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. வக்ஃபுச் சொத்தின் உரிமையை முடிவு செய்ய அரசு அதிகாரிக்குத் தரப்பட்ட அதிகாரம் அவற்றுள் ஒன்று. எதிர்க்கட்சியினர் தொடக்கம் முதலே மறுத்துவந்ததும் அதையே. அவையில் தோற்ற வாதம் வேறொரு மன்றத்தில் மீண்டும் எழுந்து நிற்க இயலும். அதற்கு அது முறையாக எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அளவும் ஆபத்தும்

மோதல் அளவு மீறினாலும், ஆள்வோர் பொறுமை இழந்தாலும் என்ன நேரும் என்பதை 2023 டிசம்பர் காட்டியது. நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சரின் விளக்கம் கோரி எதிர்க்கட்சியினர் கிளர்ந்தனர். இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். முதல்நாள் பட்டியலில் அன்று அவைக்கே வந்திராத சேலம் உறுப்பினர் எஸ். ஆர். பார்த்திபனின் பெயரும் இருந்தது. ஆளறியாமல் நேர்ந்த பிழை என்று பின்னர் அது நீக்கப்பட்டது. நகைப்புக்குரியதாகத் தோன்றினும், எதிர்வரிசையினரைத் தனித்தனி மனிதர்களாகக் காணாமல் ஒரு கூட்டமாகவே காணும் மனநிலையை அது வெளிப்படுத்திற்று. எதிர்வரிசை பெரும்பாலும் காலியாக இருந்த அந்நாள்களில்தான் புதிய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் நிறைவேறின. கேட்கப்பட வேண்டிய கேள்விகளைக் கேட்க வேண்டியோர் வெளியே நின்றனர். விளக்கம் கோரியது உரிமையே; விளக்கம் மறுத்தது அரசின் குறையே. ஆயினும் இழப்பு மக்களுக்கு.

ஒத்துழைப்புக்கும் ஆபத்து உண்டு. நாமக்கல் சம்பத்தின் பிற்கால வாழ்வே அதற்குச் சான்று. பிரிவினைக் கொள்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்ற முடிவுக்கு வந்த அவர், 1961 ஏப்ரலில் தி.மு.க.விலிருந்து விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். 1962 தேர்தலில் அக்கட்சி தோற்றது. 1964இல் காங்கிரசில் இணைந்தது. அவர் விட்டு விலகிய கட்சியோ, 1962இல் சீனப் படையெடுப்பின்போது அரசுக்குத் துணை நின்று, 1963இல் பிரிவினைக் கோரிக்கையையே கைவிட்டு, 1967இல் ஆட்சியைப் பிடித்தது. அவர் முன்னதாகச் சென்றடைந்த முடிவையே கட்சி பின்னதாகச் சென்றடைந்தது என்று சொல்வது பிழையாகாது. ஆனால் தம்மை அனுப்பிய மக்களையும் தொண்டர்களையும் உடன் அழைத்துச் செல்லாமல் ஓரடி முந்திச் சென்றவருக்கு அவ்வடியே தனிமையாயிற்று. எதிர்க்கட்சி உறுப்பினர் அவைக்குள் செய்யும் ஒவ்வோர் இணக்கத்தையும் தொகுதிக்குள் வந்து விளக்கியாக வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

அளவுகோல் எது?

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது, எதிர்க்கட்சி உறுப்பினரை மதிப்பிடுவதற்கு நமக்குச் சில கேள்விகள் கிடைக்கின்றன. அவர் எழுப்பிய எதிர்ப்புக்குத் திட்டவட்டமான கோரிக்கை ஒன்று இருந்ததா? கோரிக்கை நிறைவேறியபோது நிறுத்தத் தெரிந்தாரா? அவர் செய்த ஒத்துழைப்புக்கு எழுத்தாலோ அவைப் பதிவாலோ ஈடு பெற்றாரா? குழுவில் அமர்ந்தாரா, அமர்ந்தும் தம் மறுப்பை எழுதினாரா? அதை நமக்கு வந்து விளக்கினாரா?

இக்கேள்விகளை வாக்காளர் கேட்கத் தொடங்கினால், உறுப்பினரும் விடையோடு வருவார். கேட்காதவரை, தொலைக்காட்சியில் தெரியும் கூச்சலும் தெரியாத பேரமுமே அரசியல் என்று எஞ்சும். நம் பகுதி உறுப்பினர் அவையில் கேட்ட கேள்விகளும் ஆற்றிய உரைகளும் அளித்த திருத்தங்களும் இன்று யாவரும் எளிதில் காணக்கூடியவை. மறுப்புக் குறிப்புகளும் அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களில் நம்மை எதிர்நோக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் அவற்றைப் படித்து, உறுப்பினரிடம் எடுத்துப் பேசும் வழக்கத்தை நம் ஜமாஅத்துகளும் கல்விக்கூடங்களும் வாசகர் வட்டங்களும் மேற்கொள்ளுமாயின், எண்ணிக்கையில் சிறியவர்களான நமக்கு அதைவிடப் பெரிய அரசியல் பாதுகாப்பு வேறொன்று இருப்பதாக நாம் கருதவில்லை.